இறக்கமே இல்லாத ஊரில் எங்கள் லாரி

மெட்ராஸ் எப்படி இருந்தது என்று கோத்தகிரியில் யார் கேட்டாலும் நான் ஒரே வார்த்தைதான் சொல்கிறேன். தட்டை. கட்டடம் உயரம், பஸ் ஏராளம், ஜனங்கள் நல்லவர்கள், எல்லாம் சரிதான். ஆனால் அந்த ஊரில் ஒரு இறக்கம் கிடையாது. தோசைக்கல் மாதிரி ஊர். ஸ்டார்ட் ஆகாத ஒரு லாரியோடு தாம்பரத்தைச் சுற்றி நாலு நாள் அலைந்தவள் சொல்கிறேன், நம்புங்கள்.

என் வீட்டுக்காரர் பெயர் சின்னராஜ். இருபத்திரண்டு வருஷம் மற்றவர் லாரியை ஓட்டியவர். வீட்டில் பேசும்போது "என் வண்டி" என்பார். ஓனர் எதிரில் வந்து நின்றால் "உங்க வண்டிங்க" என்று மாற்றிக்கொள்வார். அந்த "உங்க"வைக் கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது. எங்கப்பா எனக்கு எழுதிவைத்த கிழங்குக் காட்டை விற்று, அதே ஓனரிடம் ஓடித் தேய்ந்துகிடந்த ஒரு லாரியை வாங்கினோம். ஓனர் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். "ஆறு மாசம் பாரு சின்னராசு. முடியலீன்னா வண்டிய எங்கிட்டயே குடுத்துட்டு பழையபடி ஸ்டீரிங்கப் புடி" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாவது மாதம்தான் அந்தத் தகவல் வந்தது. படப்பைப் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனுக்கு வாரம் ஒரு லோடு மலைக்காய்கறி வேண்டுமாம். கேரட், பீட்ரூட், கோஸ், உருளை. ஒரு லோடு கொண்டுவந்து காட்டுங்கள், பிடித்திருந்தால் நிலையாகத் தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். கிடைத்தால் வண்டி எங்களுடையது. கிடைக்காவிட்டால் பழைய ஓனருடையது, இவர் மறுபடியும் டிரைவர். அவ்வளவுதான் விஷயம்.

பெரிய கம்பெனிக்குப் போகிறோம், வண்டி பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா? பெயிண்டரைக் கூப்பிடலாம் என்றேன். "நம்ம வண்டிக்கு நம்ம கையாலதான் அடிக்கோணும்" என்று ஒற்றைக் காலில் நின்றார். மேலே அவர், கீழே நான். அவருக்கு இடுப்புப் பிடிப்பு, குனிய முடியாது. கழற்ற முடிந்ததையெல்லாம் அவர் கழற்றிக் கொடுப்பார், நான் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் முழுக்க நீலம் அடிப்பேன், காய்ந்ததும் அவர் திருப்பி மாட்டுவார். துரு தெரிந்த இடத்தில் மூன்று கோட்டிங். அடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியை நான் முறைத்த முறைப்பில் அவள் ஒரு வாரம் பேசவில்லை.

மெட்ராஸில் சேலையூரில் என் சித்தி மகள் வசந்தா இருக்கிறாள். அவளைப் பார்த்தது போலவும் இருக்கும் என்று நானும் கேபினில் ஏறிக்கொண்டேன். மடியில் இரண்டு பெரிய பொட்டலம் வர்க்கி. வர்க்கி தெரியாதவர்களுக்கு: எங்கள் மலையில் பேக்கரிகளில் போடுகிற, கடித்தால் அடுக்கடுக்காக நொறுங்குகிற ரொட்டி. வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. டீக்கடைகளில்கூட எஞ்சினை ஓடவிட்டபடிதான் இறங்கினோம். லாரிக்காரர் வழக்கம் அது.

செவ்வாய்க்கிழமை காலை படப்பையைத் தாண்டி தொழிற்சாலை கேட்டுக்கு வந்து சேர்ந்தோம். காவலாளி கையைக் காட்டினார். எஞ்சினை நிறுத்தி, பேப்பரைக் காட்டி, சோதனை முடிந்ததும்தான் உள்ளே போகவேண்டுமாம். இவர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருந்த குமிழைப் பிடித்து இழுத்தார். அதிலிருந்து ஒரு கம்பி எஞ்சினுக்குப் போகிறது. இழுத்தால் டீசல் அடைபட்டு எஞ்சின் நிற்கும். நின்றது. பேப்பரெல்லாம் சரி. காவலாளி கேட்டைத் திறந்தார். இவர் சாவியைத் திருப்பினார்.

டக்.

அவ்வளவுதான். இன்னொரு தடவை திருப்பினார். டக். எஞ்சின் சுற்றுவதற்கான ஒரு முனகல்கூட இல்லை. பின்னால் தொழிலாளர்களை ஏற்றிவந்த இரண்டு ஷிப்ட் பஸ்கள் வந்து நின்று ஹாரனை அமுக்க ஆரம்பித்தன. காவலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னாய்யா, கேட்டாண்ட வந்து படுத்துக்கினே? எட்த்துகினு போய்யா!" என்று கத்தினார். எடுக்கத்தானே ஐயா இவர் முக்கிக்கொண்டிருக்கிறார்!

பஸ்ஸிலிருந்து இருபது பேர் இறங்கி வந்தார்கள். திட்டிக்கொண்டேதான் தள்ளினார்கள். ஆனால் தள்ளினார்கள். உருண்டு கிளட்சை விட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இதற்குள் ஷிப்ட் முக்கால் மணி நேரம் தாமதம்.

காய்கறி இறங்கிக்கொண்டிருக்கும்போது ஸ்டோர்ஸ் ஆபீசர் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் மூன்று பேனா. ஒரு கேரட்டை எடுத்துத் துடைத்து அங்கேயே கடித்தார். "சரக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ். நான் பொய் சொல்லலை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா வண்டி கேட்ல நின்னுடுச்சுன்னா எனக்கு மேல இருக்கறவங்க என்னைத்தான் கேப்பாங்க சார். வெள்ளிக்கிழமை காலைல எட்டு மணிக்கு வாங்க. அதே இடத்துல நிறுத்தி ஆஃப் பண்ணுங்க. நான் நின்னு பாக்கறேன். யாரும் தள்ளக் கூடாது. ஸ்டார்ட் ஆச்சுன்னா வாரா வாரம் உங்க வண்டிதான். ஆகலைன்னா என்னைத் தப்பா நினைக்காதீங்க."

இவரை யாரோ "சார்" என்று கூப்பிட்டதை நான் முதல்முறையாகக் கேட்டேன். அதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற நிலைமையில்தான் நாங்கள் இல்லை.

இதுவே எங்கள் ஊராக இருந்தால் ஒரு பேச்சே இல்லை. கோத்தகிரியில் வண்டியை நிறுத்துவதென்றால் மூக்கைப் பள்ளத்தைப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல் வைப்பது. புறப்படும்போது கல்லை எடுத்தால் வண்டி தானாக உருளும், எஞ்சின் தானாகப் பிடிக்கும். மெட்ராஸில் அன்றைக்குப் பூரா நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இறக்கம் தேடிக்கொண்டே வந்தேன். கடைசியில் சேலையூர் ஏரிக்கரைப் பக்கம் கரை மண் சரிந்த இடத்தில் ஒன்று அகப்பட்டது. இறக்கம் என்று சொன்னால் எங்கள் ஊர்ச் சின்னக் குழந்தைகள்கூடச் சிரிக்கும். இரண்டு ஆள் உயரம்கூட இல்லை. அதில் வண்டியை ஏற்றி, கல் வைத்து, கேம்ப் ரோடில் இருந்த வசந்தா வீட்டுக்கு நடந்தோம்.

வசந்தா எங்களைப் பார்த்ததும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நிமிஷமே, "அக்கா, நாளைக்குத்தான் தண்ணி லாரி வரும். இன்னிக்கு ஆளுக்கு ஒரு பக்கெட், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மலைத்தண்ணீர் ராப்பகலாகக் கொட்டி வீணாகிறது. இவள் கணவர் ஒரு சொம்பை வைத்துக்கொண்டு பல் துலக்கி, முகம் கழுவி, மிச்சத்தைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றுகிறார். அதைப் பார்த்தபின் நான் அரை பக்கெட்டில் குளித்தேன். குளித்த கையோடு வியர்த்தது, அது வேறு விஷயம்.

புதன்கிழமை காலையில் வசந்தா இட்லிக்கு வடகறி வாங்கிவந்தாள். பருப்பு வடையை உதிர்த்துக் குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்த பண்டம். அடேயப்பா, என்ன ருசி! கவலையோடு சாப்பிட உட்கார்ந்த நான் ஏழு இட்லி தின்றேன். இவர் இரண்டோடு எழுந்துவிட்டார்.

ஏரிக்கரை இறக்கம் ஏமாற்றவில்லை, வண்டி உருண்டு பிடித்தது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேட்டரிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் வண்டியில் ஏறவே இல்லை. சாவியைத் திருப்பச் சொன்னார், டக் என்ற சத்தத்தைக் கேட்டார், "பேட்டரி அவுட்டு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். "லைட்டெல்லாம் ஜோராத்தான் எரியுதுங்க, ஹாரன் ஊரையே எழுப்புதுங்க" என்றார் இவர். "அதுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும் அண்ணா. செல்ஃப் மோட்டாருக்கு யானைத் தீனி வேணும்" என்றார் கடைக்காரர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. புது பேட்டரி வாங்கி மாட்டினோம். அதற்குச் சந்தனம் வைத்துக் கும்பிட்டுவிட்டு இவர் சாவியைத் திருப்பினார்.

டக்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பழைய பேட்டரியை அவருடைய மேஜையில் வைத்துச் சோதித்தால் அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது! திரும்பத் திரும்ப முயற்சி செய்தார்கள். நான் கேபினில் உட்கார்ந்து எஞ்சினை நிறுத்துகிற அந்தக் குமிழ்மேல் கையை வைத்திருந்தவள், "ஐயோ" என்று உதறினேன். குமிழுக்குக் கீழே ஓடுகிற கம்பி நெருப்பாகச் சுட்டது.

"ஏனுங்க, இந்தக் கம்பி சுடுதுங்க" என்றேன்.

"மெட்ராஸ் வெயில்ல எதுதான் சுடாது? சும்மா இரு தேவகி" என்றார் இவர். மூஞ்சி வாடிப்போயிருந்தது, அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடியது அந்த நாலு நாளில் செய்த பெரிய தப்பு.

கடையிலிருந்து வண்டியைக் கிளப்பவேண்டுமே! இங்கேதான் மெட்ராஸ்காரரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் வண்டி நின்றால் நாங்கள் அக்கறையோடு விசாரிப்போம், சீரகத் தண்ணீர் கொடுப்போம். இங்கே யாரும் விசாரிப்பதில்லை. ஓடிவந்து முதுகைக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் திட்டுகிறார்கள். "இன்னா அண்ணாத்தே, வண்டி பேஜார் பண்துதா?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே தன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார். பஸ்ஸுக்கு நின்ற நாலு பேர், இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர், தபால்காரர் ஒருவர். லாரி பிடித்துக்கொண்டதும் நான் இறங்கி ஓடி எல்லாருக்கும் வர்க்கி கொடுத்தேன். இளநீர்க்காரர் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "நல்லா கீதும்மா, ஆனா வாயில போட்டா காணாப்பூடுது" என்றார். தபால்காரர் இன்னொன்று வாங்கிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் இவர் வசந்தா வீட்டு மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். நான் காப்பி கொண்டுபோனேன். "ஓனரு எப்படியும் ஏத்துக்குவாரு" என்றார். நான் காப்பியை அவர் கையில் கொடுக்காமல் தரையில் டங்கென்று வைத்துவிட்டுக் கீழே வந்தேன். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

வியாழக்கிழமை. பேட்டரி நன்றாக இருக்கிறதென்றால் செல்ஃப் மோட்டார்தான் கெட்டிருக்கவேண்டும் என்று வசந்தா கணவர் சொன்னார். எஞ்சினைச் சுற்றி உயிர் கொடுக்கிற மோட்டார் அது. பம்மலில் அதற்கென்றே ஒரு பட்டறை இருக்கிறதாம். போனோம். பம்மலில் மூக்கில் தோல் பதனிடுகிற ஷாப்புகளின் வாடை, காதில் ஏரோபிளேன். விமானம் தலைக்கு மேலே எவ்வளவு தாழப் பறக்கிறதென்றால் நான் முதல் தடவை குனிந்துவிட்டேன். பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்களைக் கொண்டுவந்து எங்கள் ஊர் யானைப் பாதையில் விட்டால் தெரியும்.

மோட்டாரைக் கழற்றி, பிரித்து, துடைத்து, உள்ளே உரசித் தேய்ந்த கார்பன் துண்டுகளை மாற்றினார்கள். மேஜையில் வைத்து பேட்டரியில் தொட்டதும் அது துள்ளிக்கொண்டு சுற்றியது. இவர் முகத்தில் இரண்டு நாளைக்கப்புறம் பல் தெரிந்தது. திருப்பி வண்டியில் மாட்டினார்கள். இவர் சாவியைத் திருப்பினார்.

டக்.

நான் நிஜமாகவே தெருவில் உட்கார்ந்துவிட்டேன். மணி பன்னிரண்டரை. மறுநாள் காலை எட்டுக்கு கேட். பட்டறைக்காரருக்கே சங்கடமாகிவிட்டது. "அண்ணே, மோட்டார்ல ஒண்ணும் கெட்டது இல்ல, சத்தியமா. ரெண்டு தெரு தள்ளி காசிம் பாய்னு ஒர்த்தர் கீறாரு. வயரிங் மட்டும்தான் பாப்பாரு. கொஞ்சம் கோவக்காரரு. ஆனா வேலைல சுத்தம்" என்றார். பட்டறையில் இருந்தவர்களே அங்கேவரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் அங்கேயே ஆளுக்கொரு வர்க்கி கொடுத்தேன்.

காசிம் பாய்க்கு என் வயதுதான் இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஒரு ஆட்டோவின் வயர்க் கொத்தை மடியில் பரப்பி உட்கார்ந்திருந்தார். லாரியை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "இன்னா இன்னா மாத்தினே?" என்று மட்டும் கேட்டார். இவர் சொன்னார். பேட்டரி, கார்பன்.

"பேட்டரி தனியா நல்லா கீது. மோட்டார் தனியா நல்லா கீது. ரெண்டையும் ஒண்ணா வெச்சா பேச்சுவார்த்த இல்ல. அப்டித்தானே?"

"ஆமாங்க பாய்."

"ஊர்ல எப்பலேர்ந்து இந்தத் தகராறு?"

"ஊர்ல ஒரு நாளும் இல்லீங்க. இங்க வந்துதானுங்க."

"ஊர்ல டெய்லி ஸ்டார்ட் ஆவும்?"

"தொட்டதும் ஆயிருங்க."

"செல்ஃப்லயா?"

"எறக்கத்துல உட்டுத்தானுங்க எடுப்போம்."

காசிம் பாய் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு வந்தது. "அப்ப கடேசியா செல்ஃப் அட்ச்சு எப்ப எட்த்தே?"

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். மூன்று வாரமா? நான்கா? பெயிண்ட் அடித்த பிறகு சாவியைத் திருப்பி வண்டியை எடுத்ததாக இரண்டு பேருக்கும் நினைவில்லை. எங்கள் மலையில் செல்ஃப் அடித்து வண்டி எடுக்கிற டிரைவரை டிரைவர் என்றே சொல்லமாட்டார்கள். கெட்டுப்போனதைக்கூட மலை மறைத்துவைத்திருக்கிறது, நாங்கள் இரண்டு நாளாக மெட்ராஸ் வெயிலைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

"அட ஆண்டவனே" என்றார் காசிம் பாய். அப்புறம் சிரித்தார் பாருங்கள், இரண்டு கையாலும் தொடையைத் தட்டிக்கொண்டு. உள்ளே பார்த்து, "ஏ மும்தாஜ், ரெண்டு பேருக்கு சாப்பாடு எட்த்தா. பசியோட கீறாங்க" என்று குரல் கொடுத்தார். அவர் வீட்டம்மா சோறும் தால்ச்சாவும் கொண்டுவந்தார். பருப்பும் கத்தரிக்காயும் எலும்பும் போட்டுப் புளிப்பாகக் கொதித்தது. நான் அழாமல் சாப்பிட்டதே பெரிது. யாரென்றே தெரியாத வீட்டில் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடிந்ததும் அவர் கேட்டார். "வேற இன்னா கவ்னிச்சீங்க? சின்ன விசயம்னாலும் சொல்லுங்க. கிறுக்குத்தனமா தெரிஞ்சாலும் சொல்லுங்க."

இவர் ஒன்றுமில்லை என்றார். நான் தயங்கினேன். தயங்கிவிட்டுச் சொல்லிவிட்டேன். "எஞ்சினை நிறுத்துற கம்பி சுடுதுங்க பாய்."

"எப்ப? வெயில்ல நிக்கும்போதா, சாவி திருப்பும்போதா?"

யோசித்துப் பார்த்தேன். "சாவி திருப்பினப்புறம்தானுங்க. வரும்போதெல்லாம் அதுமேலதான் கை வெச்சுட்டு வந்தேன், சுடலை."

காசிம் பாய் எழுந்தே நின்றுவிட்டார். "எம்மா! இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" இவரைப் பார்த்து, "யோவ், உன் வூட்டம்மாதான்யா மெக்கானிக்கு. நீ இன்னாத்துக்கு கீறே?" என்றார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகிற கரண்ட் போனால் மட்டும் போதாதாம், திரும்பி வரவும் வழி வேண்டுமாம். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் பட்டையாக ஒரு எர்த் வயர் இருக்கும், அதுதான் திரும்புகிற பெரிய ரோடு. அந்த ரோடு அடைபட்டிருப்பதால் அவ்வளவு கரண்டும் அந்த ஒல்லிக் கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கிறது. சந்தில் பஸ் நுழைந்த மாதிரி. கம்பி சுடாமல் என்ன செய்யும்?

சின்ன பல்பு ஒன்றில் இரண்டு வயர் முறுக்கி வைத்திருந்தார். ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் தொட்டார், மற்றதை எஞ்சின்மேல் வைத்தார். "சாவி திருப்பு" என்றார். டக் என்றது, பல்பு பளிச்சென்று எரிந்தது. "எர்த் சரியா இருந்தா இது எரியவே கூடாது. பாத்தியா?" அடுத்து ஒரு மொத்தக் கேபிளை எடுத்து அதே இரண்டு இடத்தையும் இணைத்துப் பிடித்தார். "இப்ப திருப்பு."

எஞ்சின் கர்ஜித்தது. தெருவில் ஒரு நாய் எழுந்து ஓடியது. இவர் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

காசிம் பாய் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போனார். ஸ்பானர் சத்தம். எர்த் வயர் போல்ட்டைக் கழற்றிவிட்டார். பிறகு கீழேயிருந்து குரல் வந்தது. "எவன்யா இவன்? எந்தப் புத்திசாலிய்யா எர்த் எடத்துல பெயிண்ட் அட்ச்சது? ஒண்ணில்ல, மூணு கோட்டிங்! மொழுமொழுன்னு கீது!"

அந்த இடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில், ஒரு போல்ட் துளையைச் சுற்றி வட்டமாக, பெயிண்ட்டே படாமல் துருவேறிக் கிடந்தது. பார்க்கவே அசிங்கமாக இருக்கிறதே என்று உரசி உரசிச் சுத்தம் செய்து மூன்று கோட்டிங் அடித்தவள் நான். தெருவில் எட்டுப் பேர் கூடி நிற்கிறார்கள். பட்டறைக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

"நான்தானுங்க பாய்" என்றார் இவர்.

"நீயா? டிரைவர்னு சொல்லிக்கினு கீறியே, வெக்கமா இல்ல? பெயிண்ட்டு கரண்ட்ட விடுமா? சோத்துல உப்பு போட்டுத்தான் துன்றியா?" என்று பாய் அடியில் கிடந்தபடியே வாங்கு வாங்கென்று வாங்கினார். எட்டுப் பேரும் சிரித்தார்கள். இவர் தலையை ஆட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கவேண்டும், பேசவில்லை. என்னை நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பாய் அந்த இடத்தை இரும்பு வெள்ளையாகத் தெரிகிறவரை சுரண்டினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். வயர் முனையையும் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். இவரை வரிசையாகப் பத்து தடவை ஸ்டார்ட் செய்து நிறுத்தச் சொன்னார். பத்துக்குப் பத்து. நான் கம்பியைத் தொட்டுக்கொண்டே இருந்தேன், சில்லென்று இருந்தது. கூலி கேட்டதற்கு, "சொரண்டினதுக்கு இன்னாத்த வாங்குறது? அந்த ரொட்டி இன்னும் கீதா?" என்றார். மிச்சமிருந்த வர்க்கிப் பொட்டலத்தை அப்படியே மும்தாஜ் கையில் கொடுத்துவிட்டேன். வசந்தாவுக்கு அடுத்த முறை.

சேலையூருக்குத் திரும்பும்போது கேட்டேன். "நான் அடிச்சதுன்னு தெரியுமில்லீங்க? நீங்கதானே டப்பாவைப் புடிச்சுட்டு நின்னீங்க. ஏன் உங்க தலைல போட்டுக்கிட்டீங்க?"

"உன்னைச் சொல்லியிருந்தா அத்தனை பேரு முன்னால உன்னையில்ல திட்டியிருப்பாரு" என்றார். கேம்ப் ரோடில் ஒரு மாட்டுக்கு வழிவிட்டுவிட்டு, "எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். இருபத்திரண்டு வருசம் வாங்குனவன்" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தால் மூக்கு சிவந்துவிடும், அது இவருக்குத் தெரியக்கூடாது. அன்றைக்கு ஏரிக்கரைக்குப் போகவில்லை. வசந்தா வீட்டு வாசலில், தட்டைத் தரையில், ஊரார் நிறுத்துகிற மாதிரி நிறுத்தினோம்.

வெள்ளிக்கிழமை ஏழே முக்காலுக்கே கேட்டுக்கு முன்னால் இருந்தோம். அதே காவலாளி. எங்களைப் பார்த்ததும் கையைத் தலையில் வைத்துக்கொண்டார். எட்டு அடித்ததும் ஸ்டோர்ஸ் ஆபீசர் வந்து நின்றார், மூன்று பேனாவோடு. எங்களுக்குப் பின்னால் சரியாக ஒரு ஷிப்ட் பஸ்ஸும் வந்து நின்றது. ஜன்னலெல்லாம் செவ்வாய்க்கிழமை தள்ளிய முகங்கள்.

"ஆஃப் பண்ணுங்க" என்றார் ஆபீசர்.

இவர் குமிழை இழுத்தார். எஞ்சின் நின்றது. எவ்வளவு அமைதி! பக்கத்து வயலில் கொக்கு கத்துவதுகூடக் கேட்டது.

"சரி. எடுங்க."

இவர் சாவியில் கை வைத்தார். திருப்பவில்லை. பத்துக்குப் பத்து எடுத்த வண்டிதான், வாசலிலிருந்து காலையில் முதல் திருப்பிலேயே எடுத்த வண்டிதான். ஆனாலும் கை வரவில்லை. "தேவகி" என்றார், உதடு மட்டும் அசைந்தது. "எடுக்கலீன்னா?"

"எடுக்கும். திருப்புங்க" என்றேன். என் குரலும் நன்றாக இல்லை.

திருப்பினார். டக் என்ற சத்தத்துக்காகவே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், அது வரவே இல்லை. எஞ்சின் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டு கேபினே அதிர்ந்தது. பஸ்ஸில் யாரோ விசிலடித்தார்கள். ஆபீசர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, "இன்னொரு தடவை சார்" என்றார். நிறுத்தி எடுத்தார். எடுத்தது. மூன்றாவது தடவையும் எடுத்தது. ஆபீசர் ஒரு பேனாவை உருவி, கையிலிருந்த அட்டையில் எழுத ஆரம்பித்தார். "ஓகே. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை. உள்ள வந்து கையெழுத்துப் போடுங்க."

கேட் திறந்தது. வண்டி போகவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். கியரில் ஒரு கையும் ஸ்டியரிங்கில் ஒரு கையுமாக இவர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார், கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது. எஞ்சின் துடைக்கிற துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார், முகமெல்லாம் கிரீஸ். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. காவலாளி ஓடிவந்து கேபின் கதவைத் தட்டினார். "யோவ் டிரைவரு, அதான் ஸ்டார்ட் ஆயிட்ச்சில்ல? எட்றா வண்டிய!"

நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன்.

"ஒரு நிமிஷம் இருங்கண்ணா, ஓனர் அழுதுட்டு இருக்காரு."